இரண்டு கொத்தைச் செடியில் விடுங்கள்



போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குமாரபாளையத்தில் தறிச் சத்தம் முழுசாக அடங்கும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஆயுத பூஜையும் ஒன்று. பஞ்சுத் தூசி தட்டி, எண்ணெய்ப் பிசுக்குத் துடைத்து, தறிக்குத் திருநீறும் சந்தனமும் பூசித் தயாராக வைத்திருந்தார்கள். குறைந்தது பூ ஒன்றுதான். அரளியும் செவ்வந்தியும் அன்றைக்கு விற்கும் விலையில் பத்துத் தறிக்கும் சரம் போட யாருக்குக் கட்டுபடியாகும்?

எங்கள் வீட்டு வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு இட்லிப்பூச் செடி நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "ஏனுங்க, நாலு கொத்துப் பறிச்சுக்கட்டுங்களா? தறிக்கு வெக்கோணும்" என்றார். தாராளமாகப் பறிச்சுக்குங்க என்றேன். அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அப்புறம் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் செடியில் பச்சை இலையைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. தெரு முழுக்க என் வீட்டுப் பூ.

மறுநாள் காலையில் தெருவே நிசப்தமாக இருந்தது. திண்ணையில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். தினமும் அந்நேரத்துக்கு வரும் கறுப்புப் பட்டாம்பூச்சி வந்தது. பின்னிறகில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசையாக ஓடும், பெரிய பூச்சி. செடியை ஒரு சுற்றுச் சுற்றியது. முன்தினம் கொத்து இருந்த நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டது. இன்னொரு சுற்று. பிறகு மதிலைத் தாண்டிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் தேன்சிட்டு ஒன்று கொடிக்கம்பியில் வந்து உட்கார்ந்து, செடியை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு அதுவும் பறந்தது. அந்தச் செடி மறுபடி முழுசாகச் சிவக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இந்த வருஷம் ஆயுத பூஜை நெருங்குகிறது. அதனால்தான் இந்த மாதப் பக்கத்தை இந்தச் செடிக்கே ஒதுக்கிவிட்டேன்.

இட்லிப்பூ என்ற பேரை வைத்தது யாரோ ஒரு நல்ல ரசிகர். சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கி அடுக்கி, உப்பிய இட்லி மாதிரி ஒரு கொத்து. தமிழில் இதற்கு இன்னும் பழைய பேர் வெட்சி. முருகனுக்குச் சூட்டும்போது செச்சை. மலையாளத்தில் செத்தி, தெச்சி. பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு மலபார்ச் செடிகளைப் பற்றித் தொகுத்த பெரிய நூலில் இந்தச் செத்தியும் இருக்கிறது. 1753-இல் லின்னேயஸ் இதற்கு வைத்த தாவரவியல் பேர் இக்சோரா காக்சினியா. அந்த இக்சோரா வேறொன்றுமில்லை. நம்முடைய ஈசுவரன் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து வந்த உருவம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் சொந்த மண். வாங்கி வந்த செடி அல்ல, இருந்த செடி.

தொல்காப்பியம் புறத்திணையை வெட்சியிலிருந்துதான் தொடங்குகிறது. பகைவரின் ஆநிரையைக் கவரப் போகிறவர்கள் சூடிய பூ இது. ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் தருமபுரி, செங்கம் பக்கங்களில் ஏராளம். 1965 வரை தருமபுரியும் சேலம் மாவட்டம்தான். 1997 வரை நம் நாமக்கல்லும் அப்படித்தான். ஆக, நம் பழைய ஜில்லாவின் மேய்ச்சல் காட்டுக்கும் இந்தப் பூவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

எங்கள் தலைமுறைக்கு அது தின்பண்டமும்கூட. பூவைக் கொத்திலிருந்து உருவி, நடுவில் இருக்கும் மெல்லிய நரம்பை அடிப்பக்கமாக இழுத்தால் நுனியில் ஒரு துளி தேன் வரும். அதை நாக்கில் வைத்துக்கொள்வோம். ஒரு பூவின் காம்புக் குழலை இன்னொரு பூவுக்குள் செருகிக்கொண்டே போனால் மோதிரம், வளையல், கடைசியில் மாலை. பழுத்துக் கறுஞ்சிவப்பான பழங்களையும் விட்டு வைத்ததில்லை. தறிக்குழியில் அப்பா உட்கார்ந்திருக்க, நாங்கள் வெளியே தேன் குடித்துக்கொண்டிருந்த மத்தியானங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

அந்தத் தேன் நமக்காக வைத்ததல்ல. பூவின் குழல் ஒன்றரை அங்குலம் வரை நீளும், நூல் போல மெலிசு. தேன் அடியில். தேனீயின் நாக்கு அவ்வளவு தூரம் எட்டாது. சிவப்பும் தேனீயின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நிறம். சிவப்பை நன்றாகப் பார்க்கிற, நீளமான சுருள் உறிஞ்சியைக் கொண்ட பெரிய பட்டாம்பூச்சிக்கு என்றே செய்து வைத்த பூ இது. இன்னொரு அதிசயமும் உண்டு. பூ மொக்காக இருக்கும்போதே மகரந்தம் உதிர்ந்து, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சூலகத் தண்டின் நுனியில் அப்பிக்கொள்கிறது. பூ விரிந்ததும் பட்டாம்பூச்சி தலையைக் கொடுத்துத் தேன் உறிஞ்சும்; அந்த நுனி அதன் முகத்தில் பொட்டு வைப்பதுபோல் மகரந்தத்தை ஒற்றிவிடும். மகரந்தம் போன பிறகுதான் அதே நுனி இரண்டாகப் பிளந்து, வேறு செடியிலிருந்து வரும் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளத் தயாராகிறது. முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்வது அதன் ஒழுங்கு.

வருஷம் முழுக்கப் பூக்கிற செடி இது என்பது நம் ஊருக்கு முக்கியம். ஏனென்று கேட்டால், நம்மைச் சுற்றிப் பூ இல்லாமலில்லை, பூச்சிக்குத்தான் பூ இல்லை. மேட்டூர்க் கிழக்குக்கரை வாய்க்காலில் தண்ணீர் விடும் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை வரப்பெல்லாம் ஏதோ பூத்துக் கிடக்கும். அதற்கப்புறம் வைகாசி மழை வரை காய்ச்சல்தான். சேலம் பக்கம் அரளித் தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் இருக்கின்றன. ஆனால் அரளியில் தேனே கிடையாது. போதாததற்கு அதை மொக்காகவே பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். குண்டுமல்லியும் விரிவதற்கு முன்னால் கூடைக்குப் போய்விடுகிறது. பிழைப்புக்காகச் செய்வது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் குறையை நம் வீட்டு வாசல்கள்தான் ஈடுகட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி இந்தச் செடி நம் மண்ணில் படும் பாட்டைச் சொல்ல வேண்டும். வாசகர் கடிதங்களிலும் அடிக்கடி வரும் கேள்வி இது: "இட்லிப்பூச் செடி வைத்தோம், இலையெல்லாம் மஞ்சளாகிப் பூக்காமல் நிற்கிறது."

எனக்கும் அது நேர்ந்தது. நம் பத்திரிகை அலுவலகத்துக்குப் புதிதாகக் காம்பவுண்டுச் சுவர் கட்டி முடித்த கையோடு, அதன் ஓரமாக ஆறு செடிகள் வைத்தேன். மூன்றாம் மாதம் ஆறும் மஞ்சள். சத்துக் குறைவு என்று யாரோ சொன்னார்கள் என்று யூரியா வைத்தேன். தழைத்ததே தவிர மஞ்சள் போகவில்லை. துளிர் வெளுத்து, ஓரம் கருகத் தொடங்கிவிட்டது. சங்ககிரிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சந்தா கட்ட வந்தவர், செடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நரம்பு பச்சையா இருக்குது, நடுவுல மட்டும் மஞ்சளா இருக்குது பாருங்க. இது சுண்ணாம்பு செஞ்ச வேலைங்க. அன்னபேதி அடியுங்க" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியில் இருக்கும் பழைய இலை. இரும்புச்சத்துக் குறைந்தால் முதலில் வெளுப்பது நுனித் துளிர். நரம்பு மட்டும் பச்சையாகவே நிற்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

சேலத்துச் சீமையில் இரும்புக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். கஞ்சமலை இரும்புக்குப் பேர்போன மலை. 1830 வாக்கில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியதே சேலத்துத் தாதுவை நம்பித்தான். மண்ணில் இரும்பு இருக்கிறது. செடியின் வாய்க்குத்தான் எட்டவில்லை. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வந்தது எந்தச் சுண்ணாம்புக் கல்லால் வந்ததோ, அதன் உறவு நம் மண்ணிலும் கிணற்று நீரிலும் கலந்திருக்கிறது. சுண்ணாம்பு ஏறிய மண் காரத் தன்மை கொண்டது. அங்கே இரும்பு, நீரில் கரையாத துருவாக உறைந்துவிடும். வேர் கரைந்ததை மட்டும்தான் குடிக்கும். சோறு பொங்கிய பானைக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடப்பது போல. வெட்சியோ மலையாளத்துப் புளிப்பு மண்ணிலும் செம்புறை மண்ணிலும் செழித்து வளர்ந்த குணம் கொண்டது. அதைக் கொண்டுவந்து சிமெண்டுக் கலவை சிந்திய சுவர் ஓரத்தில் வைத்தால் வேறு என்ன ஆகும்? புது வீடு கட்டினவர்கள் வீட்டில் இந்தச் செடி தோற்றுப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

ஆகவே சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி இடம் பாருங்கள். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள்; செங்கல் துண்டு, கலவைக் கட்டி, வெள்ளைச் சுக்கான்கல் எது வந்தாலும் பொறுக்கி வெளியே போடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல செம்மண்ணும், நன்றாக மக்கிய தொழு உரமும், ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். இடம் இல்லையென்றால் பெரிய தொட்டியே மேல். அதில் மண் நம் கையில் இருக்கிறது. அரை நாளாவது நேர் வெயில் படவேண்டும். வேப்ப மர நிழலில் வைத்துவிட்டு, இலையாக வளர்கிறது பூவே இல்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். சாயத் தண்ணீர் இறங்கின பகுதிகளில் அது எந்தச் செடிக்கும் ஆகாது. காவிரிக் குழாய்த் தண்ணீர் நல்லது. அதைவிட நல்லது மழைத் தண்ணீர். இப்போது புரட்டாசி, இன்னும் சில வாரத்தில் ஐப்பசி மழை. ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு டிரம் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளாகிவிட்ட செடிக்கு அன்னபேதி. உரக்கடையில் இரும்பு சல்பேட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுங்கள். புளிப்பு இருந்தால்தான் இரும்பு துருவாகாமல் கரைந்தே இருக்கும். கரைத்ததை அன்றைக்கே, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். வேரில் ஊற்றினால் சுண்ணாம்பு மண் அதையும் விழுங்கிவிடும். மாதம் ஒரு முறை போதும், அதிகம் அடித்தால் இலை கருகும். துணியிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகவே போகாது. வெளுத்த வேட்டி காயும் கொடிக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள். என் ஆறு செடிகளில் நான்கு இரண்டாம் தெளிப்புக்குப் பிறகு பச்சை கட்டின. மற்ற இரண்டைப் பிடுங்கித் தள்ளி வைத்த பிறகுதான் தேறின.

வாடிய கொத்தை அதற்குக் கீழே ஒரு கணு விட்டு வெட்டினால், அங்கே இரண்டு கிளை வெடித்து இரண்டு கொத்து வரும். துளிரில் மாவுப்பூச்சியோ அசுவினியோ வந்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் வேப்பெண்ணெய், அதுவும் சாயங்காலத்தில். விஷ மருந்தை மட்டும் பூத்திருக்கும் செடியில் தொடவேண்டாம். தேன் குடிக்க வந்த விருந்தாளிக்கு அதைக் கொடுப்பது பாவம்.

நர்சரிகளில் இப்போது குட்டை இட்லிப்பூ, மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு எல்லாம் கிடைக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால், பழைய நாட்டுச் சிவப்பையே தேடி வையுங்கள் என்பேன். எங்கள் வாசலில் இரண்டும் இருக்கின்றன. பட்டாம்பூச்சி எதன்மேல் அதிகம் உட்காருகிறது என்று தினமும் பார்க்கிறேன். நாட்டுச் சிவப்பில் பழமும் பிடிக்கிறது.

பட்டாம்பூச்சி வேண்டும் என்பவர்கள் புழுவையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேலே நான் சொன்ன அந்தக் கறுப்புப் பூச்சி வெட்சியில் தேன் மட்டும்தான் குடிக்கும். முட்டை இடுவது கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும். பொரிந்த புழு முதலில் பார்ப்பதற்குக் குருவி எச்சம் மாதிரி இலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும்; தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தை விடும். அதைக் கண்டதும் செருப்பைத் தேடாதீர்கள். கறிவேப்பிலையில் ஒரு கிளையை அதற்கென்று விட்டால் குழம்புக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

காட்டு வரப்பில் ஆடுதின்னாப்பாளை கிடக்கும். ஆடுகூடத் தின்னாத அந்தக் கசப்பைத் தின்று வளர்கிறது இன்னொரு வகைப் புழு. அது சிவப்பு உடம்பும் கறுப்பு இறகுமாகப் பறக்கும் பட்டாம்பூச்சியாகிறது. உடம்பெல்லாம் விஷம் என்பதால் குருவிகள் அதைத் தொடாது. நம் கறிவேப்பிலைப் பூச்சியின் பெண்களில் பல, விஷம் இல்லாதவை, அந்த விஷப் பூச்சியைப் போலவே இறகில் சிவப்புப் போட்டுக்கொண்டு தப்பித்துத் திரிகின்றன. ஒரே வெட்சிக் கொத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தேன் குடிப்பதைப் பார்த்து, எது எது என்று பிள்ளைகளோடு பந்தயம் கட்டிப் பாருங்கள். விஷப் பூச்சிக்கு உடம்பு சிவப்பு. வேஷக்காரிக்கு உடம்பு கறுப்பு. 2019-இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். அது மலைக்காட்டுப் பூச்சி. நம் தெருவுக்கு வராது. நம் தெருவுக்கு வருகிறவற்றின் பெயரையாவது நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

பூசணிக் கொடி நிறையப் பூத்தும் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்கிறது என்று எழுதிய பள்ளிபாளையம் வாசகிக்கு ஒரு வார்த்தை. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடிகாலையில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும் பூ அது. அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வரவில்லையென்றால் பிஞ்சு நிற்காது. வெட்சி இதற்கு உதவாது, அது பட்டாம்பூச்சிக்கு உரியது. தேனீக்கும் கொசுத்தேனீக்கும் துளசி வையுங்கள், கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். தும்பையைக் களை என்று பிடுங்காதீர்கள். அதுவரைக்கும் காலையில் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் நீங்களே மெல்லத் தடவிவிடுங்கள். காய் பிடித்ததும் எழுதுங்கள்.

இட்லிப்பூ பதியன் போட ஏற்ற காலம் இப்போது தொடங்குகிறது. தாழ்வான கிளையை வளைத்து, அடிப்பட்டையைக் கொஞ்சம் சீவி, மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் வேர் விட்டுவிடும். அல்லது பென்சில் பருமனில், ரொம்ப முற்றாத குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு நிழலில் ஊன்றுங்கள். நான்கு ஊன்றினால் குறைந்தது இரண்டு தேறும். செடி வைத்திருப்பவர்கள் விலை பேசாமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். எங்கள் வாசல் செடியிலிருந்து பத்துப் பதியன் போட்டிருக்கிறேன். மார்கழியில் தயாராகிவிடும், குமாரபாளையம், பவானி வாசகர்கள் அலுவலகத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இந்த வருஷமும் பூ உண்டு என்று சொல்லிவிட்டேன். கைக்கு எட்டுகிற கொத்தெல்லாம் தறிக்கு, உச்சியில் இருக்கும் இரண்டு கொத்து மட்டும் செடிக்கு என்று பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டுச் செடியிலும் அந்த இரண்டு கொத்தை விட்டு வையுங்கள். பூஜைக்கு மறுநாள் காலையில் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்த்து, ஒரு அஞ்சலட்டையில் எனக்கு எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்